கணினியில் ஓடும் மகாவலி
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கம்பளையில் வளர்ந்த எவருக்கும் வெள்ளம் புதிதல்ல. 1947 ஆகஸ்ட் வெள்ளத்தைப் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். 2025 நவம்பரில், டித்வா புயலின்போது, மகாவலி நகருக்குள் புகுந்ததை எங்கள் தலைமுறையும் கண்டது. அடுத்த முறை நீர் எந்தத் தெரு வரை வரும் என்று முன்கூட்டியே கணிக்கலாமா? பொறியியல் படித்த எங்களிடம் பலரும் கேட்ட கேள்வி இது. கணிக்கலாம், ஆனால் அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

ஆற்றைக் கணினியில் ஓடவிட்டுப் பார்க்க மென்பொருள்கள் உள்ளன. அமெரிக்க இராணுவப் பொறியியற் படையணி உருவாக்கிய ஹெக்-ராஸ் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் உள்ளே இருப்பது உயர்தர வகுப்பில் நாம் படித்த பௌதிகவியல்தான்: நீரின் திணிவு அழிவதில்லை, அதன் உந்தம் விசைக்கேற்ப மாறுகிறது. இவற்றை ஆற்றோட்டத்துக்கான சமன்பாடுகளாக 1871இல் தந்தவர் பிரான்ஸ் நாட்டவரான சென் வெனன்.

மென்பொருளுக்கு நாம் நான்கு தகவல்களைக் கொடுக்க வேண்டும். ஆற்றின் குறுக்குவெட்டுகள், மேலிருந்து வரும் நீரின் அளவு, கீழே பொல்கொல்லை அணைக்கட்டில் நீர்மட்டம், படுகையின் கரடுமுரடு. கொத்மலை ஓயா கம்பளைக்கு மேலே கலப்பதால், அந்த நீர்த்தேக்கத்திலிருந்து திறக்கப்படும் நீரையும் சேர்க்க வேண்டும்.

கடைசித் தகவல்தான் சிக்கலானது. கரடுமுரட்டை நேராக அளக்கக் கருவி இல்லை. மானிங் எண் என்ற ஒன்றால் மதிப்பிடுகிறோம். சுத்தமான ஆற்றுக்கு அது ஏறத்தாழ 0.03. புதரும் குப்பையும் மண்டி 0.06 ஆனால், அகன்ற ஆற்றில் 4 மீற்றர் ஆழத்தில் ஓடிய அதே அளவு நீர், ஏறத்தாழ 6 மீற்றர் ஆழத்தில் ஓடும். அந்த 2 மீற்றரில் ஒரு வீட்டின் கீழ்த்தளமே மூழ்கிவிடும். திரையிலோ இரண்டு படங்களும் ஒரே அழகுடன் தெரியும்.

எனவே நடந்த ஒரு வெள்ளத்தின் அடையாளங்களோடு விடை பொருந்தும்வரை எண்ணைத் திருத்துகிறோம். பின்னர் எண்ணைத் தொடாமல் வேறொரு வெள்ளத்தில் சோதிக்கிறோம். இரண்டுக்கும் ஒரே வெள்ளத்தை எடுப்பது, வினாத்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுவது போலாகும். 1947ஐச் சோதனைக்கு எடுத்தால், 1985இல் வந்த கொத்மலை அணையை மாதிரியிலிருந்து நீக்கவும் வேண்டும்.

நாங்கள் கேட்பது இதுதான். உங்கள் வீட்டுச் சுவரில் சேற்றுக்கோடு இருந்தால், வெள்ளையடிக்குமுன் தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்து, இடத்தையும் நீர் ஏறிய நேரத்தையும் குறித்துப் படமெடுத்துச் சங்கத்திடம் தாருங்கள். அந்தத் தரையின் உயரத்தை நில அளவையாளர் பின்னரும் அளக்கலாம். கோடு அழிந்தால் போனதுதான். கடல் கடந்து வாழும் சகோதரிகளே, 1947இல் எத்தனையாம் படிவரை நீர் வந்தது என்று அம்மம்மா சொன்னது நினைவிருந்தால், அதையும் எழுதி அனுப்புங்கள்.