வண்ணம் புதிது, வண்டி பழையது



பழைய கார் ஒன்றை வீட்டு முற்றத்தில் நிறுத்திச் சீர்செய்து வண்ணம் பூசுதல் இலக்கிய அவைக்குரிய பொருளாகுமா என்னும் ஐயம் எழக்கூடும். குரோம்பேட்டையில் கூடும் அவைக்கு இப்பொருள் அயலானதன்று. இவ்வூரின் பெயரிலேயே நிறம் இருக்கிறது. 1797இல் பிரெஞ்சு வேதியியலறிஞர் வோக்லான் ஒரு புதிய உலோகத்தைக் கண்டறிந்தார். அதன் சேர்மங்கள் பல நிறங் காட்டியமையால், நிறம் எனப் பொருள்படும் ‘குரோமா’ என்னும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்குக் குரோமியம் எனப் பெயர் அமைந்தது. அவ்வுலோகத்தின் உப்பினால் தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியை ஜி. ஏ. சேம்பர்ஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதியில் நிறுவினார். ஆலையின் பெயர் பேட்டைக்கும் ஆயிற்று. பழைய கார்களின் பம்பரில் பளபளப்பதும் அதே குரோமியமே.

இங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கு நோக்கித் தாம்பரத்தையும் பெருங்களத்தூரையும் கடந்தால் வண்டலூர். அங்கே இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1961 முதல் 1971 வரை உருவான கார்தான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலியின் மிக்கெலோட்டி வரைந்த வடிவம் அது. இங்கிலாந்தில் 1959இல் ‘டிரையம்ப் ஹெரால்டு’ என வெளிவந்தது. 948 சி.சி. எஞ்சினும் இரு கதவுகளுமாக இங்கே பிறந்த அக்கார், 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவுகளைப் பெற்றது. இத்தகைய மாற்றம் இங்கிலாந்தில் நிகழவில்லை. குடும்பத்தோடு பயணஞ்செய்யும் நம் நாட்டுத் தேவைக்கென இங்கேயே செய்யப்பட்டது. ஹெரால்டுக்குப்பின் கெசல் வந்தது; 1985இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. 1988இல் ஆலையின் உற்பத்தி நின்றது. இன்று அதன் வரலாற்றைக் கூறும் சான்றுகளாக எஞ்சியிருப்பவற்றுள் முதன்மையானவை, ஆங்காங்கே வீட்டு முற்றங்களில் உறங்கும் கார்களே.

ஹெரால்டு வீட்டில் வேலை செய்வோர்க்கு இணக்கமான கார். சேசிஸ் தனி, அதன்மேல் உடற்பகுதிகள் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டவை. பானெட்டும் முன்சக்கர மூடிகளும் ஒன்றாக முன்னோக்கிச் சாயும். ஆகவே பகுதி பகுதியாகக் கழற்றலாம். கழற்றுமுன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாக்களில் இட்டுப் பெயர் எழுதி வைப்பது முதல் வேலை. இதனைச் சோம்பலால் தவிர்த்தவர் பின்னர்ப் பல நாள் தேடியலைவார்.

அடுத்து, துருவைத் தேடுதல். கதவின் அடிப்பகுதி, தரைத்தகடு, கதவுக்குக் கீழுள்ள விளிம்பு ஆகியன மழைநீர் தங்கும் இடங்கள். அங்கே தகடு பொரிந்து போயிருந்தால் அதனை வெட்டி நீக்கி, புதுத்தகடு பற்றவைப்பதே முறை. ஆயினும் எளிய வழி ஒன்றுண்டு. துருவின்மேல் பட்டியை அப்பி, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் பூசிவிடலாம். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. ஓரிரு மழைக்காலம் கழிந்தபின் பட்டி உப்பும். உள்ளே துரு வளர்ந்திருக்கும்.

வண்ணம் பூசுவதற்கும் பருவம் உண்டு. வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்றில் பழைய லாக்கர் வகை வண்ணத்தைத் தெளித்தால், பளபளப்பு மங்கி வெண்படலம் பூக்கும். தை பிறந்தபின் தொடங்குவதே நன்று. பழைய பூச்சில் ஈயமும், பழைய பிரைமரில் குரோமேட்டும் இருக்கக்கூடும். உலர்ந்த தூசியாக அதனைச் சுவாசிப்பது கேடு. வாட்டர் பேப்பர் கொண்டு நனைத்துத் தேய்த்தலும், முகக்கவசம் அணிதலும், கழிவுநீரைக் கிணற்றருகே விடாதிருத்தலும் கடமைகள். கடினமாக்கி கலந்து தெளிக்கும் இக்கால வண்ணத்தின் ஆவி நுரையீரலைத் தாக்குவது. உரிய காற்றுக்கருவி இன்றி அதனை வீட்டில் தெளித்தல் ஆகாது. தோல் பதனிடும் தொழிலால் பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதியின் நிலத்தடிநீர் கெட்ட வரலாறு இம்மக்கள் அறிந்தது. நிறந்தரும் உலோகம் நஞ்சும் தரும்.

இனி, கவிஞர்கள் சிந்திக்க வேண்டிய இடம். காரின் ஓரிடத்தில் மெல்லத் தேய்த்தால் பூச்சுகள் மரத்தின் வளையங்கள்போல் ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றும். டாஷ்போர்டின் உட்புறத்தில் ஆலை பூசிய முதல் நிறம் வெயில் படாமல் இருக்கும். எந்த நிறம் உண்மையான நிறம்? ஆலையிலிருந்து வந்த நாளின் நிறமா? முப்பதாண்டு ஒரு குடும்பத்தைச் சுமந்தபோது இருந்த நிறமா? சட்டமும் இவ்வினாவைத் தொடுகிறது. 2021இல் வந்த ஒன்றிய அரசின் விதிகள், ஐம்பதாண்டு கடந்து, மூல வடிவத்தில் பேணப்படும் வண்டியையே பழம்பெரும் வண்டியாக ஏற்கின்றன. சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் கூடாது. ஹெரால்டுகள் அனைத்தும் இன்று அவ்வயதைக் கடந்தவை.

இவ்வினாவுக்குத் தமிழில் முன்னோடி விடை உண்டு. உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏடுகள் பல இடங்களில் சிதைந்திருந்தன. 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. யாப்பறிந்த அப்பெரும்புலவர் நினைத்திருந்தால் விடுபட்ட சீர்களைத் தாமே இட்டு நிரப்பியிருக்கலாம். படிப்போர்க்கு வேறுபாடு தெரிந்திராது. அவரோ நிரப்பவில்லை. சிதைந்த இடம் சிதைந்ததாகவே காட்டப்பட்டது. அப்புள்ளிகளே அப்பதிப்பின் மீது நமக்குள்ள நம்பிக்கைக்கு அடிப்படை.

ஆயினும் ஏடு வேறு, கார் வேறு. புள்ளியிட்ட பாடலைப் படிக்கலாம். ஓட்டை விழுந்த தரைத்தகட்டின்மேல் அமர்ந்து ஓட்ட இயலாது. கார் ஓடவேண்டும். ஆகவே புதுத்தகடு வேண்டும், புதுவண்ணமும் வேண்டும். வேண்டாதது மறைப்பு ஒன்றே. எந்தப் பகுதி புதிது, எது பழையது என ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பதும், முதல் நிறம் தெரியும் ஒரு சாண் இடத்தை உட்புறத்தில் பூசாமல் விடுவதும் செலவற்ற செயல்கள். வண்டலூர் ஆலைத் தொழிலாளர் பூசிய பூச்சு அது. தம் பெயர் பொறிக்காமற் சென்ற அவர்களுக்கு அந்த ஒரு சாண் இடமே கையொப்பம்.

மரபை ஏற்றுப் புதுக்கவிதை எழுதுவோர்க்கும் இது பொருந்தும். பழமையைப் புதுக்கலாம், வெட்டலாம், இணைக்கலாம். உள்ளே துருவை வைத்து மேலே மெருகிடுதல் மட்டும் ஆகாது. அடுத்து வரும் மழை அதனைக் காட்டிக்கொடுக்கும்.