ஓட்டுப் போட்டு வருபவர் அல்ல, நீதிபதி
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



என் சொந்தக் கதையில் ஆரம்பிக்கிறேன். எங்க அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். இருந்தது ஒண்ணரை ஏக்கர், அவர் சம்பாதிச்சு வாங்கினது. கம்பெனிகள் வந்த பிறகு அந்த நிலத்துக்கு மதிப்பு ஏறிப்போச்சு. வாரிசுச் சான்றிதழ் கேட்டு என் தம்பி மனு கொடுத்தான். அதில் அம்மா பேரும் அவன் பேரும் மட்டும்தான். என் பேரும் தங்கச்சி பேரும் இல்லை. சான்றிதழும் அப்படியே வந்துவிட்டது.

நான் முதலில் ஓடியது எங்க வார்டு கவுன்சிலரிடம். "நாங்க ஓட்டுப் போட்டு ஜெயிக்க வெச்சோமே, நீங்க சொன்னா நடக்காதா?" என்றேன். "அம்மா, இது என் அதிகாரம் இல்லை" என்றார். அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது.

அமெரிக்காவில் அலபாமா, ஜார்ஜியா மாநிலங்களில் உயில், வாரிசு வழக்கைப் பார்க்கும் நீதிபதியை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்ம ஊரில் அப்படி இல்லை. வாரிசுச் சான்றிதழ் தருவது தாசில்தார். பங்கில் தகராறு வந்தாலோ, உயில் பொய் என்றாலோ சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். சிவில் நீதிபதி ஆக சட்டம் படித்து, டிஎன்பிஎஸ்சி தேர்வில் ஜெயிக்க வேண்டும். வக்கீலாக இருந்து நேரடியாக மாவட்ட நீதிபதி ஆக, குறைந்தது 7 வருஷம் வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும். உயர் நீதிமன்றத்தின் பரிந்துரையில் ஆளுநர் நியமிப்பார். ஜவ்வாது மலையின் பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, பிரசவமான சில நாளிலேயே அந்தச் சிவில் நீதிபதி தேர்வை எழுதி 2024-ல் தேர்வானார். நம்ம பிள்ளைகளாலும் முடியும்.

ஓட்டுக் கேட்டு வராத நீதிபதியிடம் சிபாரிசு எடுபடாது. சட்டமும் காகிதமும்தான் பேசும். அந்தச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லேயே வந்தது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. அப்பா சம்பாதித்த சொத்தில், உயில் இல்லாவிட்டால், மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு.

எனக்குத் துணைக்கு வந்தது எங்க குழு. ஐந்து பேர் ஒரு நாள் கூலியை விட்டுட்டு கோர்ட் வளாகத்துச் சட்ட உதவி மையத்துக்கு என்னோடு வந்தார்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வக்கீல் இலவசம். போன் நம்பர் 15100. எட்டு மாசம் அலைந்து, நாலு பேர் பெயரோடு சான்றிதழ் வாங்கினோம்.

தம்பி இன்னும் என்னோடு பேசுவதில்லை. அது வலிக்கத்தான் செய்யுது. ஆனாலும் பேர் இல்லாத காகிதத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அதைவிட வலித்திருக்கும்.

படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீங்க. படிக்கத் தெரியாவிட்டால் குழுவில் கொண்டுவந்து கொடுங்க, நாங்க படிச்சுச் சொல்றோம்.