ஒடிந்த லிவருக்கு ஒட்டு வேண்டாம்

 

தொழில் உதவி என்றால் தையல் மிஷின், தள்ளுவண்டி என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். இன்று ஓர் இரும்புப் பட்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பஞ்சர் கடையில் டிராக்டர் டயரை நெம்பிக் கழற்றுகிற லிவர். நம் பிள்ளைகளில் சிலருக்கு அதுதான் சோறு போடுகிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரிக் கரிசலில் மழைக் காலத்தில் டிராக்டருக்கு ஓய்வில்லை. எங்கு திரும்பினாலும் சீமைக்கருவேலம். அதன் முள் டியூப் வரை இறங்கும். ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டுமே என்று சம்சாரி தலைமாட்டில் நிற்பார். அந்த அவசரத்தில் லிவர் ஒடிந்தால் வெல்டிங் பட்டறையில் ஒட்டி வாங்கி மறுபடி நெம்புகிறார்கள். அதைத்தான் விட்டுவிடச் சொல்கிறோம்.

லிவர் சாதாரண இரும்பு அல்ல, பதம் ஏற்றிய எஃகு. லாரியின் பழைய பிளேட்டை அடித்துச் செய்த லிவரும் அப்படித்தான். வெல்டிங் சூடு பட்ட இடம் சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பால் சட்டென்று ஆறி, கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை அடைகிறது. சற்றுத் தள்ளிய இடத்தில் பழைய பதம் இறங்கிவிடுகிறது. ஒட்டு தடித்துப் பலமாகத் தெரியும். ஒடிவதோ அதற்குப் பக்கத்தில். உடல் பாரத்தை எல்லாம் போட்டு அழுத்துகிறவரின் முகம் அப்போது லிவருக்கு நேர் மேலே இருக்கிறது. சூட்டோடு தண்ணீரில் முக்கினால் இன்னும் மோசம்.

நுனி மட்டும் ஒடிந்து மீதி நீளம் போதுமானால் கொல்லுப்பட்டறைக்குப் போங்கள். பழுக்கக் காய்ச்சி அடித்து, எண்ணெயில் தோய்த்து, பிறகு மிதமாகச் சூடு காட்டித் தர வேண்டும். அந்தக் கடைசிச் சூட்டை விட்டால் நுனி மறுபடி தெறிக்கும். அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி நமக்குத் தூரமில்லை. பதம் அறிந்தவர்களுக்கு இந்தச் சீமையில் பஞ்சமில்லை. நடுவில் ஒடிந்ததை எடைக்குப் போட்டுவிடுங்கள். விரிசல் சந்தேகமா? மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடி தேய்த்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் கோடாக ஊறித் தெரியும்.

லிவர் ஒடிவதற்குப் பெரும்பாலும் நம் அவசரமே காரணம். ரிம்மின் நடுவில் பள்ளம் இருக்கிறதல்லவா? காற்றை முழுக்க இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, எதிர்ப்பக்க டயர் விளிம்பை அந்தப் பள்ளத்துக்குள் மிதித்து இறக்கினால் இந்தப் பக்கம் தளர்ந்து கொடுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினால் போதும். குழாய் மாட்டி லிவரை நீட்டுவது அறவே கூடாது. லிவரின் தலையில் சுத்தியலால் அடிக்காதீர்கள். சில்லு தெறித்தால் கண் போகும்.

சில டிரெய்லர் வீல்களில் லாக் ரிங் உண்டு. அதை ஒட்டுவது லிவரை ஒட்டுவதைவிட ஆபத்து. காற்று ஏறும்போது ரிங் கழன்று பறந்தால் ஆளையே கொல்லும். உடைந்த, வளைந்த ரிம் பாகங்களை வெல்டிங் செய்யவோ சூடு காட்டவோ கூடாது என்று அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு விதியே இருக்கிறது. பல துண்டு வீல்களுக்காக 1980-ல் வந்த அந்த விதியை 1984-ல் ஒற்றைத் துண்டு வீல்களுக்கும் விரித்தார்கள்.

நல்ல லிவர் ஒரு ஜோடியும் பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்க வசதியில்லாத தம்பிகள், முதலாளியிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால், ஜும்ஆ முடிந்ததும் எங்களிடம் சொல்லுங்கள். தொழில் உதவியில் அதையும் சேர்த்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ். ஒடிந்த பழையதையும் கையோடு கொண்டு வாருங்கள். அடித்துத் திருத்தத் தக்கதா என்று பட்டறையில் காட்டிக் கேட்டுச் சொல்கிறோம்.