பெயர் சொல்லித் திட்டமிடுவோம்

 

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களுக்கு ஓட வழியில்லை. 28 உயிர்கள் போயின.

அடுத்த மாதம், செப்டம்பர் 11. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 69ஆம் தளத்தில் வேலைபார்த்த சக்கர நாற்காலிப் பயனர் ஒருவரை, உடன் பணிபுரிந்தவர்கள் முறைவைத்துப் படி படியாக இறக்கி, கோபுரம் சரிவதற்குள் வெளியே கொண்டுசேர்த்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது, படிக்கட்டில் இறக்குவதற்கென்றே செய்யப்பட்ட நாற்காலி. 1993இல் அங்கே குண்டு வெடித்தபோது பட்ட பாட்டுக்குப் பிறகு வாங்கி வைத்தது அது.

முன்னேற்பாடு உயிர் காக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அந்த முன்னேற்பாட்டின் முதல் படி, பிணைத்த சங்கிலியை அவிழ்ப்பது.

நம் அலுவலகங்களுக்கு வருவோம். 'தீ விபத்தின்போது லிஃப்டைப் பயன்படுத்தாதீர்' என்று பலகை மாட்டியிருக்கிறோம். ஐந்தாம் மாடியில் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அந்தப் பலகை என்ன வழி காட்டுகிறது? ஒத்திகை நாளன்று, "நீங்க சிரமப்பட வேண்டாம், இங்கேயே உட்காருங்க" என்று அன்போடு சொல்லிவிடுகிறோம். யார் தூக்குவது, எப்படிப் பிடிப்பது, எவ்வளவு நேரமாகும் என்பதை அறியக் கிடைத்த ஒரே வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது. புயல் எச்சரிக்கையை ஒலிபெருக்கியில் மட்டும் அறிவித்தால் காது கேளாதவருக்கு அது எட்டாது. சாய்தளம் கட்டிய முகாமிலும் கழிப்பறை வாசல் குறுகலாக இருந்தால் அங்கே ஓர் இரவுகூடத் தங்க முடியாது.

சட்டம் நம்மிடம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும் என்கிறது. பதிவேடு தொடக்கம்தான். 2011 சுனாமிக்குப் பின் ஜப்பான், இத்தகைய பெயர்ப்பட்டியலை 2013இல் உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. பட்டியல் மட்டும் போதாது என்று கண்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனி வெளியேற்றத் திட்டம் வகுக்க உள்ளாட்சிகள் முயல வேண்டும் என 2021இல் சட்டத்தைத் திருத்தியது.

நமக்கும் அதுவே தேவை. இன்னாரை இன்னார் வந்து அழைப்பார். அவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னார். இந்த வழி, இந்த வண்டி, இந்த முகாம். கூடவே எடுத்துச்செல்ல வேண்டிய மருந்தும் ஊன்றுகோலும் இவை என்று, உரியவரையே கேட்டு எழுதிய திட்டம் வேண்டும்.

ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கருத்தரங்கின் ஒவ்வோர் அமர்விலும் முதல் கேள்வியை மாற்றுத்திறனாளிகள் கேட்கட்டும். நிறைவு நாள் தீர்மானத்தில், அவர்கள் கலந்துகொள்ளாத எந்த ஒத்திகையும் ஒத்திகையாகக் கணக்கில் வராது என்று எழுதுவோம். இந்த எதிர்பார்ப்போடு கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.