பள்ளியும் ஊரும்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் – ஆசிரியர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் நமக்குத் தந்த தலைப்பு ‘பள்ளியும் சமுதாயமும்’ என்பது. சமுதாயம் என்ற சொல் மிகப் பெரியது. எவரையும் குறிப்பாகச் சுட்டாமல் தப்பித்துக்கொள்ள வசதியானதும் கூட. ஆகவே அதனை ‘ஊர்’ என்று சுருக்கிக்கொண்டோம். ஊர் பள்ளிக்கு என்ன செய்யலாம், பள்ளி ஊருக்கு என்ன செய்யலாம் என்பதே கேள்வி. இத்தகைய கூட்டங்களில் முதற் பாதி மட்டுமே பேசப்படுவது வழக்கம். அதுவும் ‘கட்டட நிதி’ என்ற இரண்டு சொற்களில் முடிந்துவிடும். இன்று நிதி கேட்கப் போவதில்லை. ஆகவே யாரும் முன்கூட்டியே எழுந்து போக வேண்டியதில்லை.

முதலில் ஊர் கொடுத்த வரலாற்றைச் சிறிது பார்ப்போம். விருதுநகரில் 1889-ஆம் ஆண்டில் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளி தொடங்கப்பட்டது. வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்து வைத்தார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஒரு பானையில் போட்டு வைத்தார்கள். சேர்ந்த அரிசி பள்ளிக்குப் போயிற்று. பிடி அரிசிப் பள்ளி என்றே மக்கள் அதனை அழைத்தார்கள். அந்தப் பள்ளியில் படித்த மாணவர்களுள் ஒருவர் காமராசர். அவர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. தொடக்கத்தில் அது பெரிதும் ஊராரின் நன்கொடையை நம்பியே நடந்தது. 1957-இல் அரசு செலவில் பங்கேற்க முன்வந்த பின்னும் ஊராரின் பங்கு விடப்படவில்லை. ஏழைப் பிள்ளையின் இலையில் விழுந்த சோற்றுக்கும் விருதுநகரின் அரிசிப் பானைக்கும் உறவு உண்டு என்று நாம் எண்ணுவது மிகையாகாது.

அக்காலத்தில் கல்வித் துறையின் இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள். 1958-இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்ற ஒன்றை அவர் தொடங்கி வைத்தார். பின்னர் அது மாகாணம் முழுவதும் பரவியது. பள்ளிக்கு என்னென்ன தேவை என்று ஆசிரியர்கள் பட்டியல் எழுதுவார்கள். ஊரார் கூடி, இது என் பொறுப்பு, அது உன் பொறுப்பு என்று ஏற்றுக்கொள்வார்கள். ஒருவர் கரும்பலகை, ஒருவர் மணி, ஒருவர் நிலம், சிலர் சேர்ந்து ஒரு வகுப்பறை, பிள்ளைகளுக்குச் சீருடை. சுந்தரவடிவேலு அவர்கள் சுயமரியாதை இயக்கத்தைச் சேர்ந்தவர். கோயில் படி ஏறாதவர். ஆனால் அவர் செய்த காரியத்தை எந்தப் பங்குத் தந்தையும் தம் பங்கில் செய்து பார்க்கலாம் என்பது நமது துணிபு.

இனி நமது பகுதிக்கு வருவோம். பாலாற்றங்கரையில் தோல் தொழிலால் செல்வம் சேர்த்த இஸ்லாமியப் பெரியவர்கள், அச்செல்வத்தின் ஒரு பகுதியைக் கல்விக்குத் திருப்பினார்கள். வாணியம்பாடியில் 1919-இலேயே இஸ்லாமியா கல்லூரி எழுந்தது. ஆம்பூரில் மழ்ஹருல் உலூம் பள்ளியும், பின்னர் 1969-இல் அப்பெயரிலேயே கல்லூரியும் தோன்றின. மேல்விஷாரத்தில் பிறந்து, தோல் வாணிபத்தில் உயர்ந்து, வாரி வழங்கிய சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரால் அவ்வூரில் 1965-இல் ஒரு கல்லூரி அமைந்தது. நமது திருச்சபையும் சும்மா இருக்கவில்லை. சலேசிய சபையார் 1951-இல் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கினர்; அடுத்த ஆண்டில் வேலூர் மறைமாவட்டம் உருவாயிற்று. அதன்பின் பங்குதோறும் ஆலயத்தின் அருகிலேயே ஒரு பள்ளி என்பது நாம் எல்லாரும் கண்டு வளர்ந்த காட்சி.

இவற்றையெல்லாம் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பிடி அரிசி போட்ட தாய்க்கு, பள்ளிக்குள் நுழைந்து, “என் பையன் என்ன படிக்கிறான்?” என்று கேட்கும் உரிமை இருந்தது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் தன் அரிசியில் நடக்கும் பள்ளி அது என்று தெரியும். கொடுத்தவர் கேட்டார்கள், கேட்டதனால் பள்ளி ஒழுங்காக நடந்தது.

இன்று நிலைமை வேறு. சம்பளத்தை அரசு தருகிறது. புத்தகம், சீருடை, மிதிவண்டி, மதிய உணவு யாவும் அரசு தருகிறது. 2022-இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவு இப்போது உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. இவை நல்லவை, ஏழையின் வீட்டுக்குப் பெரிய நிம்மதி. இவற்றைக் குறை கூறுவோரோடு நாம் சேர மாட்டோம். ஆனால் கூடவே ஒரு எண்ணமும் வளர்ந்துவிட்டது: பள்ளி அரசாங்கத்தினுடையது, அல்லது ‘சாமியாருடையது, சிஸ்டருடையது’, நாம் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதோடு நமது வேலை முடிந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதனை மாற்ற முயன்று, பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும், அதில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று விதித்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-இல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. சட்டம் நாற்காலி போட்டுத் தரும். உட்கார ஆள் வேண்டுமே!

ஆள் ஏன் வருவதில்லை? ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று ஆசிரியர் அறையில் பலமுறை கேட்டிருக்கிறோம். இதனை ஏற்க நமக்கு மனமில்லை. நமது பள்ளிப் பிள்ளைகளின் தாய்மாரில் பலர் ஷூ கம்பெனிகளில் தையல் வேலை செய்பவர்கள். விடிந்தும் விடியாத வேளையில் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்துவிடும். மாலையில் வீடு திரும்பும்போது விளக்கு வைத்திருக்கும். தந்தையர் டேனரியில் வேலை. மூட்டை இறக்கும் வேலை. அல்லது பெங்களூரில் கட்டட வேலை. இவர்களை வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூட்டத்திற்கு வரச் சொல்லிச் சீட்டு அனுப்பினால், ஒரு நாள் கூலியைத் தட்டில் வைத்துவிட்டு வா என்றுதான் பொருள். வராதவர்களில் எத்தனை பேர் அக்கறையில்லாதவர், எத்தனை பேர் கூலியை இழக்க முடியாதவர் என்று எவர் எண்ணிப் பார்த்தார்? கூட்டத்தின் நேரத்தை மாற்றினால் பாதிக் குறை தீரும். இதற்குச் சல்லிக் காசு செலவில்லை.

இன்னொன்றையும் ஒளிவு மறைவின்றிச் சொல்ல வேண்டும். ‘ஊர்’ என்று இதுவரை எளிதாகச் சொல்லி வந்தோம். நமது நாட்டுப்புறத்தில் ஊர் ஒன்றல்ல. ஊர் வேறு, காலனி வேறு. ஊரில் இருப்பவர் ‘ஊர் மக்கள்’ என்றால் தம்மை மட்டுமே எண்ணுவார். பள்ளிக்கு மின்விசிறி வாங்கித் தருபவரின் பெயர் அதன் இறக்கையில் எழுதப்படும்; ஞாயிறுதோறும் தம் கூலியில் பத்து ரூபாய் காணிக்கை போடும் காலனித் தாயின் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசைப் பற்றி ஆண்டவர் என்ன சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளியின் குழுவில் யார் அமர்கிறார், விழா மேடையில் யாருக்கு நாற்காலி, கூட்டத்தில் யார் பேசும்போது மற்றவர் செவி சாய்க்கிறார் — இவற்றைப் பார்த்தே பிள்ளைகள் பாடம் கற்கிறார்கள். கரும்பலகையில் எழுதுவதை விட விரைவாகவே கற்கிறார்கள். ஊரும் காலனியும் ஒரே பாயில் அமரும் இடம் பள்ளியாக இல்லாவிட்டால், வேறு எந்த இடம் அப்படி இருக்கும்?

இனி இரண்டாம் பாதி. பள்ளி ஊருக்கு என்ன செய்யலாம்?

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பிடுகிறார்கள். தோலை ஊற வைக்கும்போது அந்த உப்பு நீரில் கரைந்து வெளியேறுகிறது. பல ஆண்டுகள் அது நிலத்திலும் ஆற்றிலும் இறங்கிற்று, கிணறுகள் உவர்ந்தன, தென்னை கருகிற்று. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை வலியுறுத்தி, ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் ரூபாய் தண்டம் விதித்தது. சுத்திகரிப்பு நிலையமின்றித் தொழில் நடத்தக் கூடாதென்றும் பணித்தது. நமது ஆற்றின் பெயரால் எழுந்த இவ்வழக்கைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் படிக்கிறார்கள். நமது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

நமது மேல்நிலைப் பிரிவில் வேதியியல் ஆய்வகம் உள்ளது. வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சில துளி விட்டால் குளோரைடு இருப்பது வெண்ணிற வீழ்படிவாகத் தெரியும் என்பது மேல்நிலை வகுப்புச் செய்முறைப் பாடம். ஆய்வகத்தில் தரும் உப்புப் பொட்டலத்தோடு அது ஏன் நிற்க வேண்டும்? பிள்ளைகள் ஆளுக்கு ஒரு புட்டி தம் தெருக் கிணற்று நீரைக் கொண்டு வரட்டும். ஆசிரியரின் மேற்பார்வையில், அளவறியும் முறையில் உப்பின் அளவையும் கணக்கிடட்டும். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை. தெருவாரியாகப் பெரிய தாளில் எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டட்டும். மாணவரின் ஆய்வு நீதிமன்றத்தில் சாட்சியாகாது. குடிக்கத் தகுமா என்பதை அரசு ஆய்வகமே சொல்ல வேண்டும். ஆயினும் எந்தத் தெரு நீரை முதலில் அங்கு அனுப்ப வேண்டும் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். தோல் தொழிலே நம் அடுப்பை எரிய வைக்கிறது என்பதையும் நாம் மறக்கவில்லை. தொழிலைப் பழிப்பதற்காக அல்ல, நாம் குடிக்கும் நீரை அறிவதற்காகவே இதைச் சொல்கிறோம்.

இதைவிட எளியவையும் உண்டு. முன்பு வேலூர் மாவட்டம் ஒன்றாக இருந்தது. 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தபின், எந்தச் சான்றுக்கு எந்த அலுவலகம் என்று அலைந்தவர் பலர். மாதம் ஒரு மாலை, கணினி தெரிந்த நான்கு மாணவர் ஓர் ஆசிரியரோடு அமர்ந்து, பெற்றோரின் விண்ணப்பங்களை நிரப்பித் தரலாம். பிராவிடண்ட் பண்டு சீட்டைப் படித்துப் பொருள் சொல்லலாம். மகள் படித்துத் தாய் கேட்கும் அந்த வேளையில், படிப்பு எதற்கு என்ற கேள்விக்குத் தாய்க்கு விடை கிடைத்துவிடும். ஒன்பதாம் வகுப்போடு பையனை நிறுத்திக் கம்பெனிக்கு அனுப்பிவிடலாமா என்று எண்ணும் வீடுகளில், நமது நூறு அறிவுரைகளை விட இது வேலை செய்யும்.

ஆசிரியர்கள் முகம் சுளிப்பதை இங்கிருந்தே காண முடிகிறது. பதிவேடுகளும் கைப்பேசியில் அனுப்ப வேண்டிய விவரங்களுமாக ஏற்கெனவே அவர்கள் சுமை பெரிது. நியாயந்தான். ஆகவேதான் மாதம் ஒரு மாலை என்றோம். அதையும் முறை வைத்துக்கொள்ளலாம். ஊராருக்கும் ஒரு சொல்: குழுவில் அமர்வது ஆசிரியரை மிரட்டுவதற்கோ, தன் பிள்ளைக்கு மதிப்பெண் கூட்டுவதற்கோ அன்று. கட்சிக் கொடியைப் பள்ளி வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.

பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் கூறியது. பன்னிரண்டு வயது இயேசுவைக் காணாமல் மரியாவும் சூசையும் மூன்று நாள் தேடிய கதையை நினைத்துப் பாருங்கள். போதகர்கள் நடுவே அமர்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்த மகனை அவர்கள் கண்டார்கள். நாசரேத்துத் தச்சரும் அவர் மனைவியும் எருசலேம் ஆலயத்து அறிஞர்கள் நடுவே துணிந்து நுழைந்து, “மகனே, ஏன் இப்படிச் செய்தாய்?” என்று கேட்டார்கள். அங்கே நுழைய அவர்களுக்கு யாரும் சீட்டு அனுப்பவில்லை.

இப்போது செய்ய வேண்டியது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு, இரண்டாம் திருப்பலி முடிந்ததும், பள்ளித் தாழ்வாரத்தில் பெற்றோர் கூட்டம். பிற சமயத்தார் திருப்பலிக்குக் காத்திராமல் ஒன்பதரை மணிக்கு வந்தால் போதும். கம்பெனியில் ஞாயிறு ‘ஓவர்டைம்’ உள்ள தாய்மார் முன்கூட்டி வகுப்பாசிரியரிடம் சொன்னால், அவர்களுக்கு மாலை ஆறரைக்கு ஒரு முறை தனியே கூடுவோம். நாற்காலி இராது, எல்லாருக்கும் பாய்தான். நூலக அறையை மாலை ஏழு மணி வரை திறந்து வைக்க இரண்டு பேர் தேவை. சாவி பங்கு இல்லத்தில் இருக்கிறது. ஒருவர் ஊரிலிருந்தும் ஒருவர் காலனியிலிருந்தும் வந்து பெற்றுக்கொள்ள வேண்டுகிறோம். தண்ணீர்ப் புட்டிகளைப் பிள்ளைகள் அந்த வாரத் திங்கட்கிழமையே கொண்டு வரலாம். புட்டியின் மேல் தெருப் பெயரை மட்டும் எழுதுங்கள், வீட்டுக்காரர் பெயர் வேண்டாம்.