வீட்டுக்கு இணக்கமான காவல் நாய்
(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் கூட்டத்தில் செய்யப்பட்ட பிரசங்கம்)



கடன், விதை, உரம், பால் ஆகிய விஷயங்களைப் பற்றியே இத்தகைய கூட்டங்களில் பேசுவது வழக்கம். நாயைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பதைக் கண்டு சிலர் நகைக்கக்கூடும். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் அறுவடையோடு தீர்ந்துவிடும். இன்று நீங்கள் மடியில் வைத்துக் கொண்டுவரும் நாய்க்குட்டியோ, 10 அல்லது 12 வருஷங்கள் உங்கள் வாசலிலே இருக்கப்போகிறது. மாட்டை வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழியைப் பார்க்கிறோம், கறந்து பார்க்கிறோம். நாயை மட்டும் யாரோ கொடுத்தார் என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். பிறகு அது குழந்தையைக் கடித்தால் விதியை நோகிறோம். இந்தத் தவறு நேராமல் இருக்க வேண்டியதைச் சொல்லுவதே என் நோக்கம்.

முதலாவதாக, காவல் என்பது இன்னதென்று தெளிந்துகொள்ள வேண்டும். காவல் நாய் என்றாலே கடிக்கும் நாய் என்று அநேகர் எண்ணுகிறார்கள். இது பிசகு. இராத்திரியில் தொழுவத்துக்கு வரும் திருடன் இருட்டையும் நிசப்தத்தையும் நம்பியே வருகிறான். நாய் ஒரு முறை உரக்கக் குரைத்தால் அவ்விரண்டில் ஒன்று போய்விடுகிறது. வீட்டுக்காரர் எழுந்து விளக்கைப் போட்டால் மற்றதும் போய்விடுகிறது. ஆகவே காவல் நாயின் ஆயுதம் அதன் குரலேயன்றிப் பல்லன்று. "குரைக்கிற நாய் கடிக்காது" என்று நம்மவர் இகழ்ச்சியாகச் சொல்லுவார்கள். குடித்தனக்காரனுக்கு வேண்டியதோ அப்படிப்பட்ட நாய்தான்! ஆனால் அந்தப் பழமொழியை நம்பி அயலார் வீட்டு நாயிடம் கையை நீட்டிவிடாதீர்கள். குரைத்துவிட்டுக் கடிக்கிற நாயும் உண்டு.

பகலில் உங்கள் வாசலுக்கு வருகிறவர்களை எண்ணிப் பாருங்கள். தபால்காரர், பால் எடுக்க வருகிறவர், அண்டை வீட்டுப் பிள்ளைகள், உறவின் முறையார், சங்கத்துக் காரியதரிசி, கிராம சுகாதாரச் செவிலியர் என்று அநேகர் வருகிறார்கள். கடிக்கிற நாய் இவர்களுக்கும் திருடனுக்கும் பேதம் பார்ப்பதில்லை. திருடன் வருவது வருஷத்தில் ஒரு நாள் இருக்கலாம். அதுவும் இல்லாமல் போகலாம். இவர்களோ தினந்தோறும் வருகிறார்கள். அந்த ஒரு நாளுக்காக மற்ற நாட்களில் ஊராருக்குப் பயத்தை உண்டாக்குவது எவ்விதத்திலும் லாபமான காரியம் அன்று.

இனி, எந்த ஜாதி நாய் நல்லது என்ற கேள்விக்கு வருவோம். நமது தென்னாட்டிலேயே பேர்பெற்ற நாய்கள் உண்டு. வெள்ளை நிறமும் சிவந்த மூக்கும் உயர்ந்த உடலும் உடையது ராஜபாளையம் நாய். 2005ஆம் வருஷம் இந்தியத் தபால் இலாகா நான்கு நாட்டு நாய்களின் படங்களைத் தபால் தலைகளில் வெளியிட்டபோது, ராஜபாளையம் நாயும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. இது தன்னை வளர்க்கும் ஒருவர் இருவரிடம் மிகுந்த பற்று வைக்கும். அந்நியரை எளிதில் ஏற்றுக்கொள்ளாது. வெள்ளை நாய்களுள் சில பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. ஆகையால் குட்டி அறியாதபடி பின்புறம் நின்று கையைத் தட்டிப் பாருங்கள். திரும்பிப் பாராத குட்டி காவலுக்கு உதவாது. தூங்கும்போது யாரேனும் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கவும் கூடும்.

விருதுநகர் ஜில்லாவைச் சேர்ந்த சிப்பிப்பாறை நாயும், கறுப்பு உடலில் பழுப்புக் கால்களை உடைய கன்னி நாயும் மெலிந்த தேகமும் நீண்ட கால்களும் உடையவை. இவை முயலைத் துரத்துவதற்காக வளர்க்கப்பட்டவை. வேட்டையாடுதல் 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகிவிட்டது; ஆனால் துரத்தும் சுபாவம் இரத்தத்தில் இருக்கிறது. வீட்டாரிடம் சாதுவாக இருக்கும் இந்நாய்கள், ஓடுகிற கோழியையும் ஆட்டுக்குட்டியையும் கண்டால் தம்மை மறந்துவிடலாம். கோழி வளர்ப்பவர்கள் குட்டிப் பருவத்திலிருந்தே அவற்றோடு பழக்கினாலன்றி இவற்றை வாங்கலாகாது. தேனி ஜில்லாவிலுள்ள கோம்பை என்னும் ஊரின் பேரைப் பெற்ற நாய் செம்பழுப்பு நிறமும் கறுத்த வாயும் உடையது. காவலில் இதற்கு இணை சொல்வது அரிது. ஆயினும் தோட்டத்திலும் தோப்பிலும் காவல் வைப்பவர்களுக்கும், நாய் வளர்த்துப் பழகினவர்களுக்கும் இது ஏற்றதேயன்றி, நாலு பேர் வந்து போகும் வீட்டுக்கு அவ்வளவு ஏற்றதன்று.

அப்படியானால் சாதாரணக் குடித்தனத்துக்கு எது ஏற்றது? நம் தெருவிலே பிறந்து வளரும் நாட்டு நாயே போதும் என்பது என் அபிப்பிராயம். அது நமது வெயிலுக்குப் பழகியது. நடுத்தர உடல் உடையது. நாம் உண்பதில் ஒரு பங்கைக் கொண்டு ஜீவிக்கக்கூடியது. அந்நியரைக் கண்டால் குரைப்பது அதற்கு இயல்பு. அடர்ந்த ரோமமுடைய சீமை நாய்களை மிகுந்த விலை கொடுத்து வாங்கி வெயிலில் வாட்டுவது நமக்கும் கஷ்டம். அந்தப் பிராணிக்கும் கஷ்டம்.

ஜாதியைக் காட்டிலும் முக்கியமானது தாயின் குணம். குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பாருங்கள். வீட்டுக்காரர் அருகில் இருக்கையில் தாய் நாய் அந்நியரைக் கண்டு குரைத்து, வீட்டுக்காரர் அதட்டியதும் அடங்குமானால் அதன் குட்டி நல்ல குட்டி. பாய்ந்து பாய்ந்து வருமானால், அல்லது வாலை இடுக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்குமானால், விலையின்றிக் கொடுத்தாலும் வேண்டாம். பயந்த நாயும் கடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். சொல்லப்போனால் கடிகளில் பெரும் பகுதி கோபத்தால் அன்று, பயத்தாலேயே நேருகிறது.

குட்டிகளில் தேர்ந்தெடுக்கும் முறையும் கடினமானதன்று. உட்கார்ந்துகொண்டு மெல்லக் கூப்பிடுங்கள். ஓடிவந்து முகர்ந்து பார்க்கும் குட்டியைக் கவனியுங்கள். அதை மல்லாக்கப் படுக்கவைத்து மார்பில் இலேசாகக் கையை வையுங்கள். சற்றுத் திமிறிப் பிறகு அமைதியடைவது நல்லது. ஓயாமல் உறுமிக் கடிக்க முயல்வது வேண்டாம். சிறிது தூரத்தில் ஒரு தகரப் பாத்திரத்தைக் கீழே போடுங்கள். திடுக்கிட்டாலும் பிறகு அது என்னவென்று பார்க்க வருகிற குட்டியே காவலுக்கு உரியது. எட்டு வாரம் நிறைவதற்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. எவ்வளவு பலமாகக் கடித்தால் நோகும் என்பதைத் தன் கூடப்பிறந்தவற்றோடு விளையாடியே குட்டி கற்றுக்கொள்ளுகிறது. பிறந்து மூன்றாம் வாரம் முதல் மூன்று மாதம் வரையில் அது எவற்றைக் கண்டு பழகுகிறதோ, அவற்றிற்குப் பிற்காலத்தில் அஞ்சுவதில்லை. ஆகையால் அந்த நாட்களில் குழந்தைகள், கிழவர்கள், தலைப்பாகைக்காரர், சைக்கிள், மாடு, கோழி எல்லாவற்றையும் அது காணும்படி செய்யுங்கள்.

நம்மிடையே மற்றொரு தப்பான எண்ணமும் உண்டு. இரவும் பகலும் சங்கிலியில் கட்டிப்போட்டால் நாய்க்கு ரோஷம் வரும் என்கிறார்கள். பட்டினி போட்டாலும், அடித்தாலும் அப்படியே என்கிறார்கள். அதனால் வருவது ரோஷமன்று, வெறுப்பு. கட்டுண்ட நாய்க்கு ஓடித் தப்ப வழியில்லை. ஆகவே கிட்டே வருகிற எவரையும் கடிக்கத் துணிகிறது. முதலில் கிட்டே வருகிறவர் யார்? சோறு வைக்கிற பெண்மணியும் தவழ்ந்து செல்லும் குழந்தையுமே! நாய் வீட்டாரோடு கூடி வாழ்ந்தால்தான் அந்த வீடு தன்னுடையது என்று அறியும். தன்னுடையது என்று அறிந்தால்தான் காக்கும். அந்நியர் வந்து நாய் குரைத்தால் உடனே அடிக்காதீர்கள். எழுந்து வந்து பார்த்து, "போதும்" என்று ஒரே சொல்லால் நிறுத்தி, நிறுத்தினவுடன் தட்டிக் கொடுங்கள். குரைப்பதும் அதன் கடமை, சொன்னால் நிறுத்துவதும் அதன் கடமை என்று இவ்வாறு கற்றுக்கொள்ளும்.

குழந்தைகளுக்கும் பாடம் உண்டு. தின்கிற நாயையும், தூங்குகிற நாயையும், குட்டி போட்ட நாயையும் தொடலாகாது. அந்நிய நாய் எதிரே வந்தால் ஓடலாகாது. அசையாமல் நிற்க வேண்டும். எவ்வளவு சாதுவான நாயாயினும், கைக்குழந்தையோடு அதைத் தனியே விட்டுப் போகலாகாது. ஆடு வெட்டின இடத்துப் பச்சைக் குடலையும் ஈரலையும் நாய்க்குப் போடுவதையும் நிறுத்த வேண்டும். அதனால் நாயின் வயிற்றில் உண்டாகும் நாடாப்புழுவின் முட்டைகள் மனிதருக்குள்ளும் சென்று ஈரலில் கட்டிகளை உண்டாக்கும். கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் காலாகாலத்தில் பூச்சி மருந்து கொடுங்கள்.

எல்லாவற்றிலும் மேலான எச்சரிக்கை வெறிநாய்க்கடியைப் பற்றியது. இந்நோயின் குறிகள் மனிதரிடம் தோன்றியபின் பிழைப்பது அநேகமாக இல்லை. ஆனால் குறி தோன்றுமுன் இதை முற்றிலும் தடுத்துவிடலாம். பிரான்சு தேசத்துப் பாஸ்டர் என்னும் மேதை 1885ஆம் வருஷம் இதற்குத் தடுப்பு மருந்து கண்டார். நம் நாட்டில் குன்னூரில் 1907ஆம் வருஷம் பாஸ்டர் ஸ்தாபனம் ஏற்பட்டது. வயிற்றைச் சுற்றிப் பல ஊசிகள் போட்ட பழைய மருந்தின் கதையைக் கேட்டு இன்னும் சிலர் அஞ்சுகிறார்கள். அந்த மருந்து 2004ஆம் வருஷத்தோடு இந்தியாவில் கைவிடப்பட்டது. இப்போது போடப்படும் ஊசி கையிலேயே போடப்படுகிறது. சில நாட்கள் இடைவிட்டு நாலைந்து தடவை போய்வந்தால் போதும்.

நாய் கடித்தாலும், பல் கீறினாலும், புண்ணில் நக்கினாலும், உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். மிளகாய், சுண்ணாம்பு, காப்பித்தூள் முதலியவற்றை அப்பாதீர்கள். மந்திரிப்பவரிடம் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பத்து நாள் வரை நாயைக் கவனிக்க வேண்டியதே. ஆனால் அதற்காக ஊசியைத் தாமதப்படுத்தலாகாது. காரணமின்றி நாயின் குரல் மாறினாலும், வாய் தொங்கி எச்சில் வடிந்தாலும், சாது நாய் திடீரென்று சீறினாலும் அதை நெருங்காமல் கால்நடை வைத்தியருக்குத் தெரிவியுங்கள். குட்டிக்கு மூன்று மாதமானதும் தடுப்பூசி போட்டு, வைத்தியர் சொல்லுகிறபடி மறுபடியும் போட்டு, வருஷந்தோறும் புதுப்பிக்க வேண்டும்.

இங்கேதான் நமது சங்கத்தின் வேலை ஆரம்பிக்கிறது. ஒருவர் நாய்க்கு மட்டும் ஊசி போட்டால் ஊர் தப்பாது. நூற்றுக்கு எழுபது நாய்களுக்காவது போட்டால்தான் நோய் பரவாமல் நிற்கும். ஆகையால் மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, அங்கத்தினர்களின் நாய்களுக்கு ஒரு பதிவுப் புத்தகம் வைத்து, ஊசி போட்ட தேதியை எழுதி வர வேண்டும். இரண்டாவது, வருஷத்தில் ஒரு நாளைக் குறித்து, கால்நடை வைத்தியரை வரவழைத்து, தெரு நாய்கள் உட்பட எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஊசி போடுவிக்க வேண்டும். மூன்றாவது, வேண்டாத குட்டிகளை ஊர் எல்லையில் விட்டுவிடும் வழக்கத்தை நிறுத்தி, குட்டி வேண்டாதவர்கள் தங்கள் நாய்க்குக் கருத்தடை செய்துவிட வேண்டும். எல்லையில் விடப்பட்ட குட்டியே நாளைக்கு நம் ஆட்டுப் பட்டியில் பாய்கிற நாய்.

கூட்டுறவு என்பது பணத்தில் மட்டும் உள்ளதன்று. என் நாய் கடியாதிருப்பது உமக்கு லாபம். உமது நாய் குரைப்பது எனக்கும் காவல். தாயின் குணத்தைப் பார்த்துக் குட்டியை எடுங்கள், அன்போடு வளருங்கள், தவறாமல் ஊசி போடுங்கள். அப்பொழுது பகலில் உங்கள் குழந்தை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விளையாடும். இரவில் அதன் குரலை நம்பி நீங்கள் தூங்கலாம். இந்த மூன்று காரியங்களையும் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டுமென்று கேட்டுக்கொண்டு என் பிரசங்கத்தை முடிக்கிறேன்.