வீட்டுக் கணக்கில் நம்ம வருமானமும் வரணும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



"வீடு ஒதுக்கிட்டாங்க, பங்குத் தொகை கட்டச் சொல்றாங்க, குழுவில் கடன் கிடைக்குமா?" என்று பல குழுக்களில் கேட்கிறீங்க. கடன் பற்றி அப்புறம் பேசலாம். அந்தத் தொகை எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம்.

1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம்தான் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அடுக்குமாடி கட்ட வாரியத்தின் கையில் இருக்கும் பணம் போதாது. 2015-ல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், வாரியம் கட்டும் ஒரு வீட்டுக்கு மத்திய அரசு கொடுத்தது 1.50 லட்சம். மாநில அரசு ஒரு பங்கு போடும். மிச்சம் நம்ம தலையில். இது போக, 2020-ல் உலக வங்கி தமிழ்நாட்டு வீட்டு வசதிக்கு 2 கடன்களாக 25 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

இத்தனை பேர் பணம் ஒரு இடத்தில் சேரும்போது கணக்குப் போட நிதி ஆலோசகர் வேணும். பெயர்தான் பெருசு, வேலை நம்ம ஊக்குநர் செய்வதுதான். பணம் எங்கிருந்து வரும், எந்த மாதம் வரும், வட்டி எவ்வளவு, வாங்குகிறவரால் கட்ட முடியுமா? தவணை தாமதமானால் கான்ட்ராக்டர் வேலையை நிறுத்திடுவார். லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்கும் மாதாமாதம் யார் பணம் கட்டுவது என்பதையும் கட்டும் முன்பே எழுதி வைக்கணும். இல்லாவிட்டால் ஆறாவது மாடிக்குக் குடத்தைத் தூக்குவது நாமதான்.

"கட்ட முடியுமா" என்ற கேள்விதான் நமக்கு முக்கியம். அதற்குப் பதிலாகக் குடும்ப வருமானம் மாதம் இவ்வளவு என்று ஒரே எண்ணை எழுதிடறாங்க. சித்தாள் வேலை செய்யும் அக்காவுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலையே கிடையாது. வீட்டு வேலைக்குப் போகிறவருக்குப் புது வீடு தூரமானால் பஸ் காசு கூடும், சில வீட்டு வேலை கையை விட்டும் போகும். கண்ணகி நகர், பெரும்பாக்கம் போனவங்களைக் கேளுங்க, சொல்வாங்க. இதெல்லாம் ஆலோசகர் தாளில் ஏறாவிட்டால், தாளில் சரியாக இருக்கும் தொகை நம்ம கைக்குக் கட்டுபடியாகாது.

பேச்சுக்கு 1 லட்சம் கட்டணும்னு வைங்க. வங்கியில் வருஷத்துக்கு 10 சதவீதம் என்றால் முதல் மாத வட்டி சுமார் 833 ரூபாய். வெளியில் ஐந்து வட்டிக்கு வாங்கினால் மாதம் 5,000, அசல் அப்படியே நிற்கும். அந்த 5,000 எந்த அரசாங்கக் கணக்கிலும் வராது, இல்லீங்களா?

ஆனால் நம்ம வரவு செலவு நம்ம பதிவேட்டில் இருக்கு. எந்த மாதம் சந்தா தவறியது, எந்த மாதம் உள்கடன் கூடியது எல்லாம் அதில் தெரியும். அதனால் ஒதுக்கீடு எதிர்பார்க்கும் குழுக்கள் 12 மாத வரவு செலவை ஒரு தாளில் எழுதி, பிரதிநிதி கையெழுத்தோடு அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. தொகை முடிவாவதற்கு முன்பே வாரிய அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்வோம். தவணை எத்தனை, எந்த வங்கி, பராமரிப்பு மாதம் எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்போம். எழுதத் தெரியாத அக்காங்க சொல்லச் சொல்ல, கணக்காளர் எழுதிக் கொடுக்கணும்.